ஐஸ்கிரீம் டப்பா அக்கா

அவர் வீட்டுக்குப் போன எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பார்சல் கொண்டுவந்தவர் பச்சை மிளகாயோடு போனார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அரைப் பூசணிக்காயை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஒருநாள் மதம் பரப்ப இரண்டு பேர் கோட்டும் டையுமாக வந்து ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அக்கா அதைப் பவ்வியமாக வாங்கிக்கொண்டு, அவர்களை உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, ஆளுக்கு ஒரு பை எலுமிச்சம்பழத்தையும் கையில் திணித்து, ஊறுகாய் போடுவது எப்படி என்று முக்கால் மணி நேரம் போதித்தார். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் தெருப்பக்கம் வரவேயில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். கணவர் இல்லை, மகள் மெல்பனில். டூங்கபி என்ற புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவருடையது. நாங்கள் குடிவந்த முதல் சனிக்கிழமை, கட்டிலின் பாகங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு எந்தத் திருகாணி எதற்கு என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார். கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா.

"வாங்க ஆன்ட்டி" என்றேன்.

"அன்ரி எண்டு சொல்லிச் சொல்லித்தான் இந்த ஊர்ச்சனம் என்னைக் கிழவியாக்கிப் போட்டுது. அக்கா எண்டு கூப்பிடும். இந்தாரும், இதைப் பிடியும். பொன்னாங்காணி."

"எங்க ஊர்ல பொன்னாங்கண்ணின்னு சொல்வோம்கா."

"எப்பிடிச் சொன்னாலும் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தால் ஒரு ருசிதான். நாளுக்கு ஒருக்காத் தண்ணி விடும்."

அந்த டப்பாவுக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருந்தது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்கக்கூடாது என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டல்லவா? ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்தக் கடமை யார் தலையிலும் விழக்கூடாது என்பதற்காகவே அவர் எல்லாவற்றையும் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் கொடுத்தார். அவருக்கோ இனிப்பு ஆகாது. ஆகவே தெருவில் ஒருவர் ஐஸ்கிரீம் தின்று முடித்தால் அந்த டப்பா அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் பிறரிடம் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

சமூக சேவை என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. "சேவை கீவை எண்டு பெரிசா என்ன கிடக்கு? கையிலை இருக்கிறதைக் குடுக்கிறது. ஒண்டுமில்லாட்டிக் கையையே குடுக்கிறது" என்பார். கையைக் கொடுப்பது என்றால், வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்துச் சொல்லி பஸ் பிடித்து அவரோடு பரமட்டா வரை போவது. முதுகு முடியாதவர்களின் குப்பைத் தொட்டிகளை வியாழன் மாலை தெருவோரத்துக்கு உருட்டி வைப்பது.

இந்தத் தொட்டி விஷயத்தில் ஒருமுறை வேடிக்கை நடந்தது. சிவப்பு மூடித் தொட்டி எல்லா வாரமும் போகும். மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடியும் தோட்டக் கழிவுக்கான பச்சை மூடியும் மாறி மாறிப் போகும். எது எந்த வாரம் என்று தெருவில் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, அக்கா எதை வைக்கிறாரோ அதை வைப்போம். ஒரு வாரம் அக்கா தவறுதலாகப் பச்சையை வைத்துவிட்டார். தெரு முழுக்கப் பச்சை மூடிகள் ராணுவம் போல அணிவகுத்து நின்றன. காலையில் வந்த மஞ்சள் தொட்டி லாரி ஒரு வீட்டிலும் நிற்காமல் போனது. "லாரிக்காரன்தான் வாரம் மாறி வந்துட்டான்" என்று தெருவே அடித்துச் சொன்னது. அக்கா தவறு செய்யக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அவர் கொடுத்த பொன்னாங்கண்ணிக்கு நான் மூன்று நாள் தண்ணீர் ஊற்றினேன். பிறகு மறந்தேன். பிறகு ஒரு மழையில் டப்பா நிரம்பி, கொசு பிடித்து, "இதை எடுத்து எங்கயாவது போடுங்க" என்று என் மனைவி மூக்கைப் பொத்தினாள். பச்சைத் தொட்டி நிரம்பியிருந்தது. எங்கள் பின்வேலிக் கதவைத் திறந்தால் பத்தடியில் ஓடை. செடிதானே, இயற்கையிடமிருந்து வந்தது இயற்கையிடமே போகட்டும் என்று கரையில் கொட்டிவிட்டு, டப்பாவை மஞ்சள் தொட்டியில் போட்டேன். செடி செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் அக்கா விடுவாரா? பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"பொன்னாங்காணி எப்பிடி, தம்பி?"

"சூப்பரா வருதுக்கா."

"சமைச்சனீரோ?"

"போன வாரம்தான் பருப்பு போட்டுக் கூட்டு வச்சோம்."

ஒரு பொய்யை நட்டுவிட்டால் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அதுவே தழைக்கும். ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "பரமட்டாவிலை புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. என்ரை செடியைப் போன கிழமைதான் ஒட்ட வெட்டினனான். உம்மடையிலையிருந்து நாலு தண்டு வெட்டிக் கொண்டுபோய்க் குடும்." நான் எங்கே போவேன்? செவன் ஹில்ஸில் அவரிடம் செடி வாங்கிய ஒரு அங்கிள் எனக்குத் தெரிந்தவர். அவர் வீட்டுக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி நாலு தண்டு பிச்சை கேட்டேன். அங்கிள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆருக்கும் சொல்லமாட்டன், பயப்பிடாதையும்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓடையைச் சுத்தம் செய்யத் தன்னார்வலர்கள் கூடுகிறார்கள், தன்னைக் காரில் கொண்டுபோய் விடமுடியுமா என்று அக்கா கேட்டார். இறக்கிவிட்டுவிட்டு வந்து தூங்கலாம் என்ற திட்டத்தோடு போனேன். அவர் இறங்கும்போது தேநீர்க் குடுவையை என் கையில் கொடுத்து, "ஒருக்காப் பிடியும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பெரியவர் தந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடவா முடியும்? குடுவையோடு நானும் வட்டத்தில் நின்றேன்.

கவுன்சிலிலிருந்து வந்த இளம்பெண், களைச்செடிகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினாள். நாலாவது படத்தைத் தூக்கினாள். அக்காவின் முகம் மலர்ந்தது.

"உது எங்கடை பொன்னாங்காணியெல்லே!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை உயர்த்தினார். இது தன் வீட்டில் ஏராளமாக இருக்கிறது, சமைத்தால் மிகவும் நன்றாக இருக்கும், எல்லோருக்கும் வேண்டுமென்றால் இப்போதே வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தப் பெண் படத்தை மெதுவாக இறக்கினாள். அது அலிகேட்டர் வீட். முதலைக்களை. தண்ணீரில் ஒரு துண்டுத் தண்டு விழுந்தால் போதும், பாய் போலப் படர்ந்து ஓடையையே மூடிவிடும், அடியில் மீனும் தவளையும் மூச்சுவிட முடியாது. வீட்டில் வளர்க்கவே அனுமதியில்லை. இலங்கைக் குடும்பங்கள் பல இதைக் கீரை என்று நம்பி வளர்த்திருக்கின்றன, இந்தத் தவறு முன்பும் நடந்திருக்கிறது என்று ஆறுதலாகத்தான் சொன்னாள். உண்மையான கீரையில் பூ தண்டோடு ஒட்டியிருக்கும், இதில் பூவுக்குத் தனிக் காம்பு உண்டு, தண்டும் உள்ளே துளையாக இருக்கும். பிறகு, "இதை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். யாருக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக இருந்திருக்கும்.

எனக்கோ 'ஒரு துண்டுத் தண்டு' என்ற இடத்திலேயே எங்கள் பின்வேலிக் கதவு நினைவுக்கு வந்துவிட்டது. தேநீர்க் குடுவையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகப் பின்தோட்டத்துக்குப் போய் ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். உள்ளே துளை. பூவைப் பார்த்தார். தனிக் காம்பு. சமையலறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காணியா கண்ணியா என்று நாங்கள் வாதாடிய செடி இரண்டுமே இல்லை என்று ஒரு கேலிப் பேச்சு என் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"பதினைஞ்சு வருசமாக் குடுத்துக்கொண்டிருக்கிறன், தம்பி. எனக்கும் ஆரோ ஒரு ஆள் தந்ததுதான்."

"உங்களுக்குத் தெரியாதுல்லக்கா."

"தெரியாமல் குடுத்தாலும் குடுத்த கை என்ரையெல்லே. குடுத்த கையாலைதான் வாங்க வேணும்."

அவரிடம் பட்டியல் எதுவும் இல்லை. ஆனால் முப்பத்தொன்பது வீட்டையும் விரல்விட்டுச் சொன்னார். யார் எந்த மழைநாளில் வந்தது, எந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனது எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். பெரிய டிக்கியும் இருந்தது. ஆகவே நான் வண்டிக்காரன் ஆனேன். கவுன்சில் பெண் தடித்த கறுப்புப் பைகளும், இந்த நாட்டிலேயே முளைக்கிற, பொன்னாங்கண்ணிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் நாற்றுகளும் தந்தாள். பறித்துக்கொண்டு வரும் வீட்டையும் வெறுங்கையாக விடக்கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தார்.

"உம்மடை வீட்டைக் கடைசியாப் பாப்பம்" என்றார் காரில் ஏறும்போது. "அது எங்கை ஓடப்போகுது!"

கொடுப்பது எவ்வளவு சுலபம், வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு வார இறுதிகளில் கண்டேன். முதல் வீட்டில் "ஐயோ அன்ரி, அது எப்பவோ செத்துப்போச்சு" என்றார்கள். அக்கா தலையாட்டினார். "மத்தியானம் என்ன கறி?" என்று கேட்டபடியே சமையலறைக்குள் போனார். அடுப்பில் அதே கீரை. இன்னொரு வீட்டில் டப்பாவைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தார்கள். "கள்ளக் கடத்தல் மாதிரியெல்லே கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே அக்கா கையை விட்டு இழுத்தார். ஒருவரையும் அவர் திட்டவில்லை, பயமுறுத்தவுமில்லை. "நான் தந்த பிழை. எனக்காகத் தாங்கோ" என்பார். அதற்கு எதிராக யாராலும் நிற்க முடியவில்லை.

செவன் ஹில்ஸ் அங்கிள் மட்டும் நின்றார். அவருடையதுதான் எல்லாவற்றிலும் செழிப்பான செடி, குளியலறை ஜன்னலோரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்கா தேடிக்கொண்டிருக்கையில் அவர் என்னை ஓரமாக இழுத்தார்.

"நீர் என்னைக் காட்டிக் குடுத்தால் நான் உம்மைக் காட்டிக் குடுப்பன், ஓம்!"

நான் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் குளியலறைப் பக்கம் போனது. அக்கா என் கண்ணைப் பார்த்தார், கதவைத் திறந்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கிளின் கையில் நாற்றை வைத்தார். அங்கிள் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். ஆனாலும் மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஊருக்குள் அதற்குள் கதை பரவிவிட்டது. கோயில் மண்டபத்தில் சிலர் "முதலை அன்ரி" என்று பகிடி பண்ணினார்கள். இனி அவர் தரும் மிளகாயையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் கூடச் சிரித்தார். ஆனால் அன்று திரும்பி வரும்போது, கொடுக்கக் கொண்டுபோன மிளகாய்ப் பையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொடுப்பதைத் தவிர வேறு உறவுமுறை அறியாத மனிதரின் கையைப் பார்த்து ஊர் பயந்தால் அவர் என்ன செய்வார்? எனக்கு மனது பாரமாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட அப்போதும் வாய்ப்பிருந்தது. சொல்லவில்லை. ஓடையில் கொட்டியது தெரிந்தால் அபராதம் வருமோ என்ற பயம் பாதி. இரண்டு வருடக் கூட்டும் பொரியலும் பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம் மீதி.

முப்பத்தெட்டாவது வீடு முடிந்தது. மறுநாள் காலை என் வீடு. அப்போது எனக்கு ஒரு மகத்தான யோசனை உதித்தது. சேகரித்த டப்பாக்களெல்லாம் என் கார் டிக்கியில்தானே இருக்கின்றன? ஒரு பையைப் பிரித்து, நன்றாக வளர்ந்த ஒன்றை எடுத்து, பின்கதவுப் படியில் வைத்துத் தண்ணீரும் தெளித்தேன். "உங்க புத்தி போற போக்கு!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா வந்தார். செடியைப் பார்த்து, "நல்லாத்தான் வளர்த்திருக்கிறீர்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அவர் டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அடியைப் பார்த்தார்.

ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் அது யாருக்கென்று அவர் மார்க்கரால் எழுதி வைப்பது எனக்குத் தெரியாது. டப்பாவைத் தூக்கித் துடைத்தவர்களுக்குத்தானே அது தெரியும். இதில் 'செவன் ஹில்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"உம்மடை டப்பா எங்கை, தம்பி?"

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் என்னை உடைத்தது. "ஓடையிலக்கா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொசு, மழை, நிரம்பிய தொட்டி, கூட்டு, பரமட்டாவுக்குப் பிச்சை எடுத்த தண்டு, எல்லாம்.

அவர் படியில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த டப்பாவைப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "கூட்டும் இல்லையோ?" என்றார்.

"இல்லக்கா."

"ஒரு நாளுமோ?"

"ஒரு நாளும் இல்லக்கா."

"செருப்பைப் போடும். வாரும்."

இரண்டு வருடமாக நான் எங்கள் வீட்டுப் பின்னால் இருந்த ஓடைக்கரைக்குப் போனதில்லை. பின்வேலிக் கதவைத் திறந்து போனோம். நான் செத்ததாக நினைத்தது இரண்டு கதவகலத்துக்குத் தண்ணீர்மேல் படர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் தனிக் காம்பு. பார்க்க அழகாக வேறு இருந்து தொலைத்தது. "தொடாதையும்" என்றார் அக்கா. "ஒரு துண்டு முறிஞ்சாலும் அது கீழை போய் வளரும்." அங்கேயே நின்று கவுன்சில் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

மறுநாள் அவள் இரண்டு ஆட்களோடு வந்தாள். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முன்னால் வந்து நின்று, "ஃபுரம் மை ஹவுஸ்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். அவர்கள் இரண்டு நாள் வேலை செய்து வேரோடு தோண்டி எடுத்தார்கள். முப்பத்தொன்பது வீட்டுக்குப் பதில் சொன்னவர் நாற்பதாவதாக ஓடைக்கும் பதில் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்கா அப்படிச் சொன்னீங்க? நான்தான்னு சொல்லியிருக்கலாமே. ஏற்கெனவே ஊர்ல உங்களைத்தான்..."

"ஊருக்கு என்ன, இன்னும் ஒரு பகிடி கூட. உம்மைப் பிடிச்சுக் குடுத்தால் நீர் வெக்கத்திலை வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போயிடுவீர். பிறகு ஓடையை ஆர் பாக்கிறது? அவையள் எப்பவாவது ஒருக்கா வருவினம். ஒரு வேர்த்துண்டு கிடந்தாலும் திரும்ப வருமாம். மாசத்துக்கு ஒருக்கா ஆரும் போய்ப் பாக்க வேணும்." வாசலில் நின்று உள்ளே கை நீட்டி ஒரு சோடி ரப்பர் பூட்ஸை எடுத்தார். அவர் கணவருடையதாக இருக்க வேண்டும். "வெறுங்கையோடை போகாதையும். இந்தாரும், பிடியும்."

எனக்கு அது ஒரு அளவு பெரிது. இன்றும் இரண்டு காலுறை போட்டுத்தான் அணிகிறேன்.

அப்படித்தான் நான் தன்னார்வலன் ஆனேன். அலுவலகத்தில் இதைச் சொல்லும்போது 'இயற்கைப் பாதுகாப்பில் சிறு வயதிலிருந்தே ஈடுபாடு' என்பேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஓடைக்குப் போவேன். எதையும் பிடுங்கக்கூடாது. பார்க்க வேண்டும், கண்டால் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் வருடம் நாலு தடவை கண்டேன். அடுத்த வருடம் ஒரு தடவை. அதற்கிடையில் ஊர் தன் பயத்தை மறந்தது. முதலை அன்ரியின் மிளகாய்க்கு மறுபடி ஆள் வரத் தொடங்கியது. முதலில் வந்து நின்றவர் செவன் ஹில்ஸ் அங்கிள்.

பேரப்பிள்ளை பிறந்ததும் மகள் அவரை மெல்பனுக்கு அழைத்துக்கொண்டாள். அங்கேயும் இந்நேரம் ஒரு தெரு முழுக்க டப்பாக்கள் போயிருக்கும். இப்போது கொடுப்பது கறிவேப்பிலை மட்டும்தானாம், அதையும் மூன்று பேரிடம் காட்டிக் கேட்ட பிறகுதானாம்.

முதல் ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும். ஓடைக்கரையில் அந்தப் பெரிய பூட்ஸோடு நின்று எடுப்பேன். நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான்.

"என்ன தம்பி, ஏதும் கிடைச்சுதோ?"

"ஒண்ணுமே இல்லக்கா. சும்மாதான் திரும்பறேன்."

"ஒரு இலையும் இல்லையோ?"

"ஒரு இலைகூட இல்லக்கா."

அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுத்துவிட்டு, வாய்விட்டுச் சிரிப்பது கேட்கும். தன் வாழ்நாளில் ஒருவரையும் வெறுங்கையோடு போகவிடாத அந்த மனுஷி, வெறுங்கையோடு வீடு திரும்புகிறான் என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான்.